முதுகுத் தண்டு முறிந்த பின்: குடும்பத்தார் அறிய வேண்டிய சட்டமும் பராமரிப்பும்

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாகச் சபாக் பெர்ணம் வரை நீளும் கரையோர வட்டாரம் நம் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வரும் மண்ணாகும். நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டமாகிய தென்னமரம் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் உருவானதும் இம்மண்ணில்தான். அன்று பத்தாங்கட்டை என்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றும் வழங்கிய அவ்வூர் இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றுள்ளது. பால்மரமும் தென்னையும் நின்ற இடங்களிற் பெரும்பாலானவற்றில் இன்று செம்பனையே நிற்கிறது.

செம்பனை வேலையில் உள்ள ஆபத்தை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வளர்ந்த மரத்தின் குலை 20 கிலோவுக்கு மேலும் எடையிருக்கும். நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் அதனை அறுக்கும் தொழிலாளி சற்றே இடம் தவறி நின்றாலும் குலையோ மட்டையோ கழுத்தின் மீது விழக்கூடும். வைகறையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்லுங்கால் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் நேரும் விபத்துகளும் உண்டு. இவ்விபத்துகளால் விளையும் காயங்களுள் மிகக் கொடியது தண்டுவடக் காயமாகும். நேற்று வரை குடும்பத்தைத் தாங்கிய ஒருவர் ஒரே நாளில் பிறரால் தாங்கப்பட வேண்டியவர் ஆகிவிடுகிறார்.

அறுந்த தண்டுவடத்தை முழுமையாகச் சீர்செய்யும் மருத்துவம் இன்றளவும் இல்லை. எனினும், அதன் பின்னர் குடும்பத்தைச் சூழும் துன்பங்களுட் பல தடுக்கக் கூடியவை. குறித்த கெடுவைத் தவற விடுவதும், படித்துப் பாராமல் ஒரு தாளில் கையொப்பமிடுவதும், சிறு புண்ணைக் கவனியாது விடுவதும் குடும்பத்தை நிலைகுலையச் செய்கின்றன. அவற்றைத் தவிர்க்கும் வழிகளையே ஈண்டு நாம் விளக்க முற்படுகிறோம்.

விபத்து நேர்ந்த இடத்தில்

கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைத்தலும், தண்ணீர் கொடுக்கத் தலையை நிமிர்த்துதலும், மோட்டார் சைக்கிளில் நடுவில் அமர்த்திக் கொண்டு செல்லுதலும் அறவே கூடாத செயல்கள். உடைந்த எலும்பு அசையும்போது எஞ்சியுள்ள நரம்பும் நசுங்கிப் போகலாம். 999 என்ற எண்ணுக்கு அழைத்து, மருத்துவ வண்டி வரும் வரை தலையையும் கழுத்தையும் இருபுறமும் கைகளால் அசையாமல் பிடித்திருத்தல் வேண்டும். மேலும் ஆபத்து நேரக்கூடிய இடமாயின், பலர் சேர்ந்து தலை, முதுகு, இடுப்பு ஆகியவை ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு மரக்கட்டையைப் புரட்டுவது போலப் புரட்டிப் பலகையில் ஏற்றலாம்.

கைகால்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டறிந்து, கேட்ட நேரத்தையும் நினைவில் வைத்து மருத்துவரிடம் கூறுக. தஞ்சோங் காராங் மருத்துவமனையோ சபாக் பெர்ணமில் உள்ள தெங்கு அம்புவான் ஜெமா மருத்துவமனையோ முதற் சிகிச்சை அளித்த பின், நோயாளி சுங்கை பூலோ, கிள்ளான், கோலாலம்பூர் முதலிய இடங்களிலுள்ள பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படலாம்.

மருத்துவர் கூறுவதன் பொருள்

மூளையின் கட்டளைகளை உடலுக்கும், உடலின் உணர்ச்சிகளை மூளைக்கும் எடுத்துச் செல்லும் நரம்புக் கற்றையே தண்டுவடம். அது முதுகெலும்பின் உட்புறமாகச் செல்கிறது. காயம் கழுத்தில் ஏற்பட்டால் கைகள், கால்கள் இரண்டும் பாதிக்கப்படலாம். நெஞ்சிலோ இடுப்புப் பகுதியிலோ ஏற்பட்டால் கைகள் தப்பிக் கால்கள் செயலிழக்கலாம். மலம், சிறுநீர் ஆகியவற்றை அடக்கும் ஆற்றலும் இவற்றோடு குறைந்துவிடும்.

காயம் முழுமையானதா, பகுதியளவானதா என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் அவசியம். பகுதியளவுக் காயத்தில் ஓரளவு ஆற்றல் திரும்புவதற்கான வாய்ப்பு மிகுதி. முதல் சில வாரங்களில் உறுதியாகச் சொல்ல இயலாமல் மருத்துவர் தயங்குவதும் உண்டு. அத்தயக்கத்தை வஞ்சகம் என்று எண்ணலாகாது. அடிபட்டவரின் அறிவும் நினைவும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும் என்பதையும் குடும்பத்தார் மறத்தலாகாது. அவரைக் குழந்தை போல் நடத்தாமல், அவரைப் பற்றிய முடிவுகளை அவரோடு கலந்தே எடுத்தல் வேண்டும்.

முதல் வாரத்தில் திரட்ட வேண்டிய தாள்கள்

வீட்டில் ஒருவர் நோயாளியின் அருகிலிருக்க, மற்றொருவர் தாள்களைத் திரட்டும் பொறுப்பை ஏற்றல் நலம். ஒரு கோப்பில் பின்வருவனவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும்: அடையாள அட்டையின் நகல், கடந்த ஓராண்டுக்கேனும் உரிய சம்பளச் சீட்டுகள், சொக்சோ மற்றும் ஊழியர் சேம நிதிச் சந்தா விவரம், மருத்துவமனைச் சேர்க்கைத் தாள், மருத்துவ விடுப்புச் சான்றிதழ்கள், செலவுக்கான எல்லா இரசீதுகள், விபத்து நடந்த இடத்தின் படங்கள், கண்ணால் கண்டவர்களின் பெயர்கள்.

சாலை விபத்தாயின் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்தல் வேண்டும். அடிபட்டவரால் இயலாவிடில் உறவினர் சென்று விவரம் கூறிப் புகாரின் நகலைப் பெறுக. தோட்டத்தில் நேர்ந்த விபத்தாயின் மண்டோரிடம் வாய்மொழியாகக் கூறியதோடு நின்றுவிடாமல், அலுவலகத்தில் எழுத்து மூலம் அறிவித்து, கிராணியாரிடமிருந்து பெற்றுக் கொண்டதற்கான ஒப்பம் வாங்குதல் நலம்.

சொக்சோ தரும் பாதுகாப்பு

பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை நம் மக்கள் சொக்சோ என்றே அழைப்பர். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது 1971-இல் தொடங்கப்பட்டது. வேலை செய்யும்போது நேர்ந்த விபத்தும், வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேர்ந்த விபத்தும் பணி விபத்துத் திட்டத்தில் அடங்கும். இத்திட்டத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளன்று அடிபட்டவருக்கும் உரிமை உண்டு. விபத்தை அறிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி அதனைச் சொக்சோவுக்கு அறிவித்தல் வேண்டும்.

குத்தகையாளரிடம் வேலை செய்பவர்கள் தங்களுக்கு உரிமையில்லை என்று எண்ணி வாளாவிருத்தல் தவறு. சட்டம் குத்தகையாளரையும் தோட்டத்தையும் வேறுவேறாகக் குறித்து, குத்தகையாளர் மூலம் அமர்த்தப்பட்டவர்களுக்கும் சந்தா கட்டும் பொறுப்பை முதன்மை முதலாளி மீது சுமத்துகிறது. வெளிநாட்டுத் தொழிலாளரும் 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு இத்திட்டத்தில் அடங்குவர்.

மருத்துவ விடுப்பில் உள்ள காலத்திற்குச் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமை உதவியாகக் கிடைக்கும். காயம் நிலைபெற்ற பின் மருத்துவ வாரியம் நிரந்தர இயலாமையின் அளவை விழுக்காட்டில் கணிக்கும். முழு இயலாமைக்கு அந்நாட்சம்பளத்தில் 90 விழுக்காடு வாழ்நாள் முழுவதும் வழங்கப்படும். எடுத்துக்காட்டாக, சராசரி நாட்சம்பளம் 60 வெள்ளியாயின் தற்காலிக உதவி நாளொன்றுக்கு 48 வெள்ளி. முழு நிரந்தர இயலாமைக்கு நாளொன்றுக்கு 54 வெள்ளி, அதாவது 30 நாள் கொண்ட மாதத்திற்கு 1,620 வெள்ளி. பிறர் துணையின்றி இயங்க முடியாதவர் என வாரியம் உறுதி செய்தால், பராமரிப்பு உதவித் தொகையாக மாதம் 500 வெள்ளியும் உண்டு. இந்த உதவியைத் தனியே கேட்டுப் பெற வேண்டும் என்பதை அறியாத குடும்பங்கள் அதனை இழந்துவிடக் கூடும்.

மருத்துவச் செலவு, சக்கர நாற்காலி முதலிய துணைக் கருவிகள், மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவையும் சொக்சோவின் பொறுப்பில் அடங்கும். வாரியத்தின் கணிப்பில் மனநிறைவு இல்லையெனில் மேல்முறையீடு செய்யலாம். முடிவைத் தெரிவிக்கும் கடிதம் கைக்கு வந்த அன்றே அதில் குறித்துள்ள கெடுவைப் பார்த்துக் கொள்க.

வேலைக்குத் தொடர்பில்லாத விபத்து

ஞாயிற்றுக்கிழமை உறவினர் இல்லத்திற்குச் செல்லும் வழியில் அடிபட்டவருக்குப் பணி விபத்துத் திட்டம் பொருந்தாது. அவருக்கு உதவுவது இயலாமைத் திட்டம். 60 வயதை எட்டாதவராகவும், வழக்கமாக ஈட்டியதில் மூன்றில் ஒரு பங்கையேனும் ஈட்ட முடியாதவராகவும் இருப்பவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். கடைசி 40 மாதங்களில் 24 மாதச் சந்தா செலுத்தியிருந்தால் முழு ஓய்வூதியம் கிட்டும். அது சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை இருக்கும். சந்தா குறைந்தவர்களுக்கும் குறைந்த ஓய்வூதியமோ ஒரே தடவை தரப்படும் தொகையோ கிடைக்க வழியுண்டு. ஆதலின் நாமாகவே தகுதியில்லை என்று முடிவு செய்யாமல் விண்ணப்பித்துப் பார்ப்பதே முறை.

இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. ஆண்டுக்கு 120 வெள்ளி செலுத்தும் தாய்மார்கள், வீட்டு வேலையின்போது விழுந்து அடிபட்டாலும் உதவி பெறலாம். கணவனுக்குக் காப்பு இருப்பது போல் மனைவிக்கும் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

ஊழியர் சேம நிதியில் உள்ள சேமிப்பை உடல் இயலாமை காரணமாக மீட்டுக் கொள்ளவும் உரிமை உண்டு. இது சொக்சோ உதவியினின்றும் வேறானது. ஒன்றைப் பெறுவதனால் மற்றொன்று தடைபடாது. ஆயினும் அத்தொகையை உடனே எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்கும் உறவினர்களுக்கும் பகிர்ந்துவிடாமல், வீட்டு வசதிக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்கிடுதல் வேண்டும்.

வேலையும் வீடும்

“இனி இவரால் வேலை செய்ய முடியாது, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து விடுங்கள்” என்று யாரேனும் கூறினால் அவசரப்பட்டு வேலை விலகல் கடிதத்தில் ஒப்பமிடலாகாது. உடல்நலக் காரணத்தால் முதலாளி வேலையை முடிவுக்குக் கொண்டு வந்தால், 1980-ஆம் ஆண்டின் வேலை நிறுத்த உதவி விதிகளின்படி பணிக்காலத்துக்கேற்ப உதவித் தொகை பெறத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குட்பட்ட பணிக்கு ஆண்டுக்கு 10 நாட்சம்பளமும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குட்பட்ட பணிக்கு 15 நாட்சம்பளமும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆன பணிக்கு 20 நாட்சம்பளமும் கணக்கிடப்படும். தாமே விலகியவருக்கு இவ்வுரிமை இல்லை. இருபதாண்டு உழைத்தவர் ஒரே கையொப்பத்தில் 400 நாட்சம்பளத்தை இழந்துவிடக் கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தோட்ட வீடு வேலையோடு பிணைந்தது. இதுவே மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்திருக்கும் மனைவியின் நெஞ்சை அரிக்கும் முதற் கவலை. வாய்மொழி உறுதியை மட்டும் நம்பாமல், எத்தனை மாதம் தங்கலாம் என்பதை நிருவாகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுக. மனைவியோ வளர்ந்த மகனோ அதே தோட்டத்தில் வேலையில் இருப்பின், வீட்டை அவர் பெயருக்கு மாற்றித் தருமாறு வேண்டலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினர்கள் இப்பேச்சுகளைச் சங்கத்தின் வழி நடத்துதல் நன்று. தொழிலாளர் இலாகாவிலும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

நீதிமன்றத்தை நாடும் உரிமை

சொக்சோ காப்பு உள்ள தொழிலாளி, பணியின்போது நேர்ந்த காயத்திற்காகத் தம் முதலாளி மீது வழக்குத் தொடர்ந்து நட்ட ஈடு பெறுவதை அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் விபத்துக்குக் காரணமானவர் வேறொருவராயின், எடுத்துக்காட்டாக லாரியோட்டி வந்த அயலாராயின், அவர் மீது வழக்குத் தொடரத் தடையில்லை. வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமாதலால் பெரும்பாலும் காப்புறுதி நிறுவனமே ஈட்டினைச் செலுத்தும்.

கவனக்குறைவு வழக்கைத் தீபகற்ப மலேசியாவில் ஆறு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு அரசாங்கமாகவோ அரசாங்க ஊழியராகவோ இருப்பின் கெடு 36 மாதங்களே. “உடம்பு தேறட்டும், பிறகு பார்ப்போம்” என்று காலம் தாழ்த்தியவர்கள் நியாயம் இருந்தும் உரிமை இழப்பர்.

வருங்கால வருமான இழப்பு 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டப்படி கணக்கிடப்படுகிறது. 2019 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, 30 வயதும் அதற்குக் குறைந்தும் உள்ளவருக்கு 16 ஆண்டுக் கணக்கு. 31 முதல் 59 வயது வரை உள்ளவருக்கு 60-லிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 38 வயதுள்ளவருக்கு 11 ஆண்டுக் கணக்கு வரும். விபத்தின்போது உண்மையில் எவ்வளவு ஈட்டினார் என்பதே அடிப்படையாதலால் மிகைநேர ஊதியமும் குலைக்கான ஊக்கத் தொகையும் சம்பளச் சீட்டில் காணப்படல் வேண்டும். சீட்டுகளைத் தூக்கி எறியாதீர் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. இதனோடு பராமரிப்புச் செலவு, கருவிகள், வேதனைக்கான ஈடு ஆகியவற்றையும் கோரலாம்.

மருத்துவமனை வாசலில் வந்து “வெற்றி பெற்றால் பங்கு தந்தால் போதும்” என்று கூறும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற் சட்டம் அனுமதிப்பதில்லை. வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பதோ, மூல ஆவணங்களை ஒப்படைப்பதோ கூடாது. வசதி குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகலாம்.

வழக்கு எவ்வளவு காலம் நீளக்கூடும் என்பதற்கு நம் நாட்டின் புகழ்பெற்ற தண்டுவட வழக்கொன்றே சான்று. 1982 ஜூலையில் சாலை விபத்தில் கழுத்தெலும்பு விலகிய ஒரு பெண்மணி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் கைகால் செயலிழந்தார். அவர் தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்று, 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றத்தில் மீண்டும் வென்றது. சிகிச்சையில் உள்ள முக்கிய ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துரைக்கும் கடமையை மருத்துவர்களின் வழக்கத்தை மட்டும் கொண்டு அளக்க முடியாது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஆகவே, ஒப்புதல் தாளில் கையொப்பமிடுமுன் ஆபத்து யாது, வேறு வழி உண்டா என்று கேட்பது நோயாளியின் உரிமை. ஆனால் இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க எந்தக் குடும்பத்தாலும் இயலாது. வழக்கை நம்பிச் சொக்சோ விண்ணப்பத்தைத் தள்ளிப் போடலாகாது என்பதும் இதனாற் பெறப்படும் பாடமாகும்.

வீட்டுப் பராமரிப்பு

ஒரு காலத்தில் தண்டுவடம் காயமுற்றோர் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் மாண்டனர். அவர்களை மாய்த்தவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டிவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் என்பார் நோயாளிகளை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கும் முறையைக் கண்டிப்பாகச் செயற்படுத்தி அந்நிலையை மாற்றினார். அம்முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை; கடிகாரமும் ஒருவரின் பொறுமையும் போதும்.

படுக்கையில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டுக. நாற்காலியில் அமர்ந்திருக்கையில் கால்மணி முதல் அரைமணிக்கொரு முறை உடலைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தைக் குறைக்கவும். இடுப்பின் பின்புறம், குதிகால், தொடை மூட்டு ஆகிய இடங்களை நாள்தோறும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோல் சிவந்தோ கறுத்தோ காணப்பட்டால் நிறம் மாறும் வரை அவ்விடத்தில் பாரம் படலாகாது. உணர்ச்சியற்ற காலில் வெந்நீர் ஒற்றடம் கொடுப்பது தீக்காயத்தை விளைவிக்கும். கழுத்தையும் முதுகையும் நெட்டி முறிக்கும் வைத்தியமும் வேண்டா.

சிறுநீர்க் குழாயைப் பயன்படுத்துமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. மருத்துவர் குறித்த நேர இடைவெளியைத் தவறாது பின்பற்றுக. சிறுநீர் கலங்கி நாற்றம் வீசினாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே மருந்தகம் செல்லுதல் வேண்டும். மலங்கழிப்பதற்கு நாள்தோறும் ஒரே நேரத்தைப் பழக்குவது நன்று.

குடும்பத்தார் யாவரும் அறிந்திருக்க வேண்டிய அபாயக் குறி ஒன்று உண்டு. காயம் மேல்முதுகிலோ கழுத்திலோ உள்ளவருக்குத் திடீரெனத் தலை பிளப்பது போன்ற வலியும், முகம் சிவந்து வியர்த்தலும் கண்டால், இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு ஏறிக் கொண்டிருக்கலாம். உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைபட்டோ உள்ளதா என்று பார்க்கவும். வலி தணியாவிடில் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

தோட்ட வீட்டின் வாசற்படி சக்கர நாற்காலிக்குப் பெருந்தடை. ஓர் அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவுப் பாதை அமைத்தால் ஒருவராலேயே தள்ள இயலும். குளியலறைக் கதவையும் நாற்காலி நுழையும் அளவுக்கு அகலப்படுத்துதல் வேண்டும்.

மறுவாழ்வு

உயிர் பிழைத்தல் சிகிச்சையின் முடிவன்று. செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும், மலாக்காவில் சொக்சோ 2014 முதல் நடத்தி வரும் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையமும் நாற்காலியில் ஏறி இறங்குவது முதல் புதிய தொழில் பழகுவது வரை பயிற்சி தருகின்றன. சொக்சோவின் வேலைக்குத் திரும்பும் திட்டம் 2007 முதல் இயங்கி வருகிறது. மாவட்டச் சமூக நல இலாகாவில் உடற்பேறு குறைந்தோராகப் பதிந்து அட்டை பெற்றால் பிற உதவிகளுக்கும் வழி திறக்கும். படுக்கையில் உள்ளவரைப் பராமரிப்போருக்கான மாத உதவியைப் பற்றியும் அங்கேயே கேட்டறியலாம்.

தமிழகத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அங்கு மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடிகோலினார். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த திரு எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். எண்ணற்ற உடற்பேறு குறைந்தோர்க்கு அச்சங்கம் கல்வியும் பயிற்சியும் அளித்து வருகிறது. 2020-இல் அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

எல்லாரும் அவர்களைப் போல் ஆகிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. கட்டிலில் இருக்கும் தந்தை பிள்ளையின் பாடத்தைக் கேட்டுத் திருத்துவதும், வீட்டுக் கணக்கைத் தாமே எழுதுவதும் மறுவாழ்வே. அவரைக் கவனிக்கும் மனைவிக்கும் தாய்க்கும் வாரத்தில் அரை நாளேனும் ஓய்வு கிடைக்குமாறு உற்றாரும் அயலாரும் முறை வைத்து உதவுதல் வேண்டும். நோயாளி உண்ணாமலும் பேசாமலும் மனம் ஒடுங்கிக் கிடந்தால் அதனையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இன்று எந்த விபத்தும் நேராத இல்லங்களும் இரண்டு காரியங்களைச் செய்து வைக்கலாம். முதலாவது, சம்பளச் சீட்டுகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்தல். இரண்டாவது, தம் பெயரில் சொக்சோ சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுதல். இவ்விரண்டையும் இந்த மாதச் சம்பள நாளன்றே தொடங்குமாறு தோட்டப் பெருமக்களைக் கேட்டுக் கொள்கிறோம்.